அப்பாவுக்கு மிஞ்சிய தமிழ்

மொழியியல் முதுகலையில் நான் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" எனக்கும் தெரியாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, அதே ஆட்கள் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு நாற்காலிகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து வேறொன்று கேட்டார்கள். "மொழிதானே படிக்கிறே? அப்பாவைப் பேச வைக்க வேண்டியதுதானே?" என்றார் ஒரு பெரியப்பா. அவர் கையில் கொடுத்த காப்பியைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அப்பா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். சேலைப் பிரிவு. காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டே சேலைகளைப் பிரித்துப் போட்டு, திரும்ப மடித்து வைக்கிற வேலை. எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். தமிழ் அப்பாவுக்குக் கடைக்கு உரியது. வீட்டுப்படி ஏறியதும் எங்கள் பேச்சுக்கு மாறிவிடுவார். அம்மாவிடம் அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இங்கே வீட்டுப் பேச்சையெல்லாம் நான்தான் தமிழில் தருகிறேன். படித்த படிப்புக்கு இதுவாவது நடக்கட்டும்.

அது ஆடித் தள்ளுபடி சமயம். அன்று காலை சட்டை பட்டனைப் போட முடியாமல் நின்ற அப்பா, "வலது கை மரத்த மாதிரி இருக்கு" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவளே பட்டனைப் போட்டுவிட்டாள். "ராத்திரி கைமேல படுத்திருப்பீங்க. இந்த நேரத்துல லீவு போட்டா முதலாளி சும்மா விடுவாரா? போயிட்டு வாங்க, சரியாப் போயிரும்" என்றாள். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்பா போனார். மதியத்துக்கு முன்னாலேயே, ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் சேலைமீதே விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே டாக்டர் சொன்னார், "கை மரத்துச்சுன்னு சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இம்புட்டு ஆகியிருக்காது." அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நூறு பேரிடம் சொல்லிப் பழகியதை எங்களிடமும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அம்மா அப்பாவின் முகத்தை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டாள். துடைப்பாள், ஊட்டுவாள், சட்டை மாற்றுவாள், எல்லாம் பார்வையைக் கழுத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு சில வாரம் அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு நாள் எதிர் வீட்டு அக்கா தயிருக்கு உறை மோர் கேட்டு உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்த அப்பா தெளிவாக, பழைய குரலில், "வாங்கம்மா, உள்ள வாங்க. என்ன பாக்குறீங்க?" என்றார்.

அந்த அக்கா பயந்துபோய்க் கிண்ணத்தைக் கீழே போட்டார். அம்மா ஓடிவந்தாள். சாமி படத்துக்கு முன் சூடத்தைக் கொளுத்திவிட்டு வந்து எங்கள் மொழியில் அவரிடம், "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார். என்னவோ தேடினார். "வேற கலர் காட்டவாம்மா?" என்றார்.

அவ்வளவுதான் மிச்சம். 'வாங்கம்மா, என்ன பாக்குறீங்க.' 'வேற கலர் காட்டவாம்மா.' எப்போதாவது, 'பில் போட்டுரட்டுமா.' எங்கள் மொழி ஒரு சொல்கூட மீதியில்லாமல் போய்விட்டது. எனக்கு இது புதிதில்லை. மூளையும் மொழியும் என்ற பாடத்தில் இருந்தது: தினம் தினம் சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள், யோசித்துப் பேசும் பேச்சு போன பிறகும் தானாக வந்து விழும். நினைத்துச் சொல்வதில்லை, வாய் சொல்கிறது. பரீட்சையில் இதை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல மார்க். அம்மாவிடம் இதை விளக்க மட்டும் எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை.

கடையிலிருந்து கூட வேலை பார்க்கும் ஒருவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, எப்ப கடைக்கு வாரீங்க?" என்று கேட்டார். அப்பா சிரித்து, "வாங்க வாங்க, என்ன பாக்குறீங்க?" என்றார். வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம், "நல்லாத்தானே பேசுறாரு! நீங்க என்னமோ பயமுறுத்துறீங்களே" என்றார். முதலாளியிடமும் அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார். நான் ஒவ்வொருவருக்கும் மறுத்துச் சொல்லி அலுத்துப்போனேன்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டி ஆப்பிள், பசு, சாவி என்று சொல்லவைக்கப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. "வீட்டுல ரெண்டு மொழி வேணாம்மா. தமிழ்தான் கொஞ்சம் இருக்கு, அதுலயே பேசுங்க" என்றாள். அம்மா முயன்றாள். மார்க்கெட்டில் பேசுகிற தமிழில், "சாப்புடுறீங்களா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அடுப்படிக்கு வந்து என்னிடம், "யாரோ வேத்தாம்பளைகிட்டப் பேசுற மாதிரி இருக்குடி. என்னால ஆகாது" என்றாள்.

கல்லூரியில் என் வழிகாட்டிப் பேராசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "தப்பா எடுத்துக்காதே, உன் ஆய்வுக்கு இதைவிட நல்ல டேட்டா கிடைக்காது" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். கடைப் பெயர்ப்பலகைகளின் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள், நானே முழுதாகப் படிக்கவில்லை.

ஆனால் வகுப்பு வீடுவரை கூடவே வந்தது. ஒருவர் பேசப் பேச நேரில் மொழிபெயர்த்துச் சொல்லும் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று ஆரம்பிக்காதே. அவராகவே பேசு. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். நீ அங்கே இல்லை. இன்னொரு பாடத்தில் நான்தான் பரிசோதனை எலி. வகுப்பில் சௌராஷ்டிரம் பேசுகிறவள் நான் ஒருத்தி என்பதால், என்னை முன்னால் உட்காரவைத்து ஒவ்வொரு வாக்கியமாக, "இப்படிச் சொல்வீர்களா?" என்று கேட்பார்கள். நான், "இப்படிச் சொல்ல மாட்டோம்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரிய வேண்டியதில்லை. பேசுகிறவரின் தீர்ப்புக்கு மேல் பேராசிரியர்கூடப் போக முடியாது.

அம்மா முகம் பார்க்காததால், அப்பாவின் முகத்தைப் படிக்கும் வேலை எனக்கு வந்தது. "என்ன வேணுமாம்?" என்று அவள் கேட்பாள். நான் அவர் கண்ணையும் இடது கையையும் பார்த்து, எங்கள் மொழியில், "எனக்குப் புழுங்குது, ஃபேனைக் கூட்டி வை" என்பேன். பழக்கதோஷத்தில் 'எனக்கு' என்றுதான் வாயில் வந்தது. அம்மா முதலில் விநோதமாகப் பார்த்தாள், பிறகு பழகிவிட்டாள். கொஞ்ச நாளில் என்னைப் பார்த்தே அவரிடம் பேச ஆரம்பித்தாள். "இன்னைக்கு ரசம் உப்பு கூடிப்போச்சு, பொறுத்துக்கங்க" என்பாள் என் முகத்துக்கு நேராக. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் அப்போது புருஷன் பெண்டாட்டிப் பேச்சு என்று ஒன்று நடந்ததென்றால் அது இதுதான்.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து அவர் வாயைத் துடைத்துவிட்டு, துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மா நின்றாள்.

"அவருகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுடி."

"என்னம்மா?"

"அன்னைக்குக் காலையில நான்தானே அனுப்பிச்சேன். என்மேல கோவமான்னு கேளு."

இதற்காகத்தான் இத்தனை மாதம் அவள் காத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து, கற்றுக்கொண்டபடியே அம்மாவாகக் கேட்டேன்: "அன்னைக்கு நான்தான் உங்களைப் போகச் சொன்னேன். என்மேல கோவமா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்று இன்றும் நினைக்கிறேன். உதடு கோணி, வாய் திறந்து மூடியது. அம்மா துண்டை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேற கலர் காட்டவாம்மா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். இருப்பதைச் சொல், இல்லாததைச் சேர்க்காதே என்பது என் தொழிலின் அடிப்படை. அந்தத் தொழிலில் எனக்கு வேலை தர ஒருவரும் காத்திருக்கவில்லை. எங்கள் மொழியில், அப்பாவாக, அவர் அவளை அழைப்பதுபோலவே ஒருமையில் சொன்னேன்: "கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல."

ஒவ்வொரு சொல்லும் சரி. உச்சரிப்பு சரி. அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அவரு இப்படிச் சொல்ல மாட்டாரு" என்றாள்.

நான் அவர் தலையணையைச் சரிசெய்தேன்.

"கோவம் போச்சுன்னா போச்சுன்னு வாயத் தொறந்து சொல்ற ஆளா அவரு? காப்பி கேப்பாரு. எம்புட்டுச் சண்டை போட்டிருக்கோம்! மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்துட்டு, திடீர்னு வந்து காப்பி கேப்பாரு. அம்புட்டுதான். அப்பத்தான் எனக்குத் தெரியும்."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் வைக்கும் சத்தம், பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் காப்பியோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கொடுக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, ஆவி அவர் முகத்துக்குப் போகிற மாதிரி குனிந்து, எங்கள் மொழியில் மெதுவாக, "கேளுங்க" என்றாள்.

அப்பா சிரித்தார். "வாங்கம்மா" என்றார். "என்ன பாக்குறீங்க?"

காப்பி ஆறி ஆடை படிகிறவரை அம்மா அப்படியே நின்றாள்.