தென்காசிக்கு எதிரே எழுதிய ஒரு மணி நேரம்

எங்கள் மருத்துவச் சங்கம் வெளியிட்ட மாரடைப்பு வழிகாட்டி நெறிமுறையில் ஒரே ஒரு வரி என்னுடையது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஊரின் பெயர், இதய சிகிச்சை வசதியுள்ள பக்கத்து நகரம், போய்ச் சேர ஆகும் நேரம். அதில் தென்காசிக்கு எதிரே ‘ஒரு மணி நேரம்’ என்று அச்சாகியிருக்கிறது. அதைச் சொன்னவன் நான். பெருமையாகத்தான் சொன்னேன்.

இந்த நெறிமுறைகள் எப்படி உருவாகின்றன என்பது குழுவில் சேரும்வரை எனக்கும் சரியாகத் தெரியாது. முதலில் கேள்விகளை முடிவுசெய்வார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உலகமெங்கும் வந்த ஆய்வுகளைத் தேடிச் சலித்தெடுத்து, எந்தச் சான்று எவ்வளவு உறுதியானது என்று தரம் பிரிப்பார்கள். அதை வைத்துப் பரிந்துரை எழுதி, வரிவரியாக வாக்கெடுப்பார்கள். ஆய்வே இல்லாத இடங்களில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் அனுபவத்தைக் கேட்டு எழுதிவிட்டுப் பக்கத்தில் ‘நிபுணர் கருத்து’ என்று குறிப்பார்கள். சான்றுகளில் அதுதான் கடைசிப் படி. மருந்துக் கம்பெனிகளோடு தொடர்பு உண்டா என்று கேட்டு ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். நான் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். ஊர்ப்பெருமை உண்டா என்று அதில் யாரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம்போலக் கணினித் திரையிலேயே கூடிப் பேசிவந்தோம். கடைசி வாக்கெடுப்பை மட்டும் நேரில் நடத்த வேண்டும். குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது என்று நான் வாய்விட்டதும், தலைவர் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். பெரும்பாலானவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு விடுதி அரங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு மூன்று அட்டைகள். பச்சை என்றால் சம்மதம், மஞ்சள் என்றால் பேச வேண்டும், சிவப்பு என்றால் மறுப்பு.

விவாதம் இதுதான். இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாக ஈ.சி.ஜி.யில் தெரிந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் அதைத் திறந்துவிட முடியுமானால், நோயாளியை நேராக அங்கே அனுப்ப வேண்டும். முடியாதென்றால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உள்ளூரிலேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். அங்கே போனபின் ஆகும் நேரத்தைக் கழித்தால் பயணத்துக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். எந்தெந்த ஊர் அதற்குள் அடங்கும் என்று பட்டியல் போட்டார்கள். இதற்கு எந்த ஆய்வும் கிடையாது.

சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர், “தென்காசியெல்லாம் ரொம்ப இன்டீரியர். அங்க ஊசியே போட்டு அனுப்பட்டும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகத் தென்காசியில்தான் ஆஸ்பத்திரி நடத்துகிறேன். தலைவர் என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க, உங்க ஊர்லேர்ந்து திருநெல்வேலிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

“ஒரு மணி நேரம் சார். என் வண்டின்னா அம்பதே நிமிஷம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பொய் சொல்லவில்லை. ஒரு தடவை, விடியற்காலையில், காலியான ரோட்டில் அப்படிப் போயிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வருவதற்கும், நோயாளியை ஏற்றுவதற்கும், வழியிலுள்ள பாவூர்சத்திரம் கடைத்தெருவைத் தாண்டுவதற்கும் ஆகும் நேரத்தை நான் எண்ணவில்லை. இன்டீரியர் என்ற சொல்லுக்குப் பதில் சொல்வதிலேயே குறியாக இருந்தேன். பச்சை அட்டைகள் மொத்தமாக மேலே போயின. சாப்பாட்டு நேரமும் ஆகியிருந்தது.

புத்தகம் வந்தது. அட்டவணையைப் பெரிதாக அச்சடித்து எங்கள் அவசர சிகிச்சை அறைச் சுவரில் மாட்டினேன்.

அடுத்த வருஷச் சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, துணிக்கடை வைத்திருந்த ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கணவன் மனைவி இருவருமே பல வருஷமாக என்னிடம் பார்ப்பவர்கள். வியர்த்துக் கொட்டியபடி நெஞ்சைப் பிடித்திருந்தார். ஈ.சி.ஜி.யில் சந்தேகத்துக்கு இடமேயில்லை. எங்கள் சிஸ்டர் ஊசி மருந்து இருக்கும் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஊசி எடுக்கட்டுமா சார்?”

“வேண்டாம். நேரா திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம்.”

“சார், இன்னைக்கு ஞாயித்துக்கெழம. குத்தாலத்துக்கு வந்த வண்டி பூரா இப்பத்தான் திரும்புது. இந்தா பக்கத்துல இருக்க குத்துக்கல்வலசையில இருந்து இங்கன வரவே எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு.”

நான் சுவரைக் காட்டினேன். ஜன்னல் வழியாக ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடியே ஒரு காகிதத்தைக் காட்டினேன். நானே சொல்லி நானே மறந்துபோன ஒரு பேச்சு, அச்சில் ஏறியதும் எனக்கே உத்தரவு போட்டது. சிஸ்டர் ஃபிரிட்ஜை மூடினார். ஆம்புலன்ஸில் அவரும் ஏறினார், நோயாளியின் மனைவியும் ஏறினார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து சிஸ்டர் போன் செய்தார். “பாதி வழி, ஆலங்குளமே இன்னும் வரல சார். முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. ரெண்டு தடவ ஷாக் குடுத்துட்டேன்.” பிறகு அழுதார். பக்கத்தில் அந்த அம்மாவின் குரலும் கேட்டது.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். அதுவும் சரிப்படவில்லை. சங்கத்துக்கு எழுதினேன். அட்டவணையில் எங்கள் ஊருக்குப் போட்ட நேரம் தவறு, உடனே எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. ஒரு நோயாளிக்கு நேர்ந்தது சான்றாகாதாம். குழு கூடி எடுத்த முடிவைத் தனி உறுப்பினர் சொல்லி மாற்ற முடியாதாம். அந்த வரியே நிபுணர் கருத்துதானே என்றும் நினைவூட்டியிருந்தார்கள். அந்த நிபுணர் நான்தான், நான் சொன்னது தப்பு என்று திருப்பி எழுதினேன். அடுத்த திருத்தத்தின்போது கவனத்தில் கொள்ளப்படும் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியவில்லை. ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தானே நெறிமுறை எழுதுகிறோம்? எனக்குத் தோன்றியதை அதற்குள்ளேயே கொண்டுபோய் வைத்தவன் நான். சுவரில் எங்கள் ஊர் வரியின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் போய்ச் சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், அச்சில் இருப்பதை மீறினால் நாளைக்குக் கோர்ட்டில் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள்.

கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்து, நாலு மாதத்துக்கும் மேல் ஆனபின், அந்த அம்மா தனியாக என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொன்னேன்.

“மகன் துபாயில இருந்து தெனமும் கேக்கான் டாக்டர். ஊசி ஒண்ணு உண்டாமே. அத ஏன் வாப்பாவுக்குப் போடலங்கான்.”

“அதுக்கு ஒரு விதிமுறை இருக்கும்மா. ஒரு மணி நேரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிர முடியும்னா, ஊசி போடாம நேரா அனுப்பணும்.”

“அந்த ரோட்டுல நானும்தான இருந்தேன். ஒரு மணி நேரத்துல போயிரலாம்னு யாரு சொன்னா?”

சங்கம் என்று சொல்லியிருக்கலாம். குழுவில் முடிவு செய்யப்பட்டது என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மைதான். இரண்டுமே நாக்கின் நுனிவரை வந்தன.

“நான்தாம்மா சொன்னேன்” என்றேன். குற்றாலத்துக் கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

அவர் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. மேசைமேல் இருந்த என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கடைசியில் பைக்குள் கைவிட்டுக் கசங்கிய பழைய சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“எனக்குப் பிரஷர் மாத்திர தீந்து பத்து நாளாச்சு. எழுதித் தாங்க.”

கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். அழுத்தம் அதிகமாக இருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ வருஷமாக நான் கொடுக்கும் சீட்டை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறவர், அன்று அதைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, நின்று படித்தார்.