ஹொர்மோஸ் தவக்கோலியின் இருநூறாவது பொய்

எங்கள் தெஹ்ரான் ஆய்வகத்தில் ஹொர்மோஸ் தவக்கோலிக்கு வேலை, வானத்தைப் பொய்யாகச் செய்வது. கணினியில் ஓர் அண்டத்தை வளர்த்து, அதில் விண்மீன் திரள்களை விதைப்பார். ஒவ்வொன்றிலும் தூசி எவ்வளவு, அது சூடாகி எவ்வளவு அகச்சிவப்பு ஒளியை விடும் என்று கணித்துப் பட்டியல் போடுவார். பிறகு, தொலைநோக்கி தந்த நிஜப் பட்டியலுக்குள் தன் பொய்களில் இருநூறைக் கலந்துவிடுவார். அந்த இருநூறில் எத்தனையைத் தவறவிடுகிறோம் என்று பார்த்தால், நிஜத்தில் எத்தனை தவறுகின்றன என்று தெரியும். எது பொய் என்பது, அவர் கணித்த ஒளி அளவுகளாக அவருடைய சட்டைப்பை நோட்டில் மட்டும் இருக்கும். பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருக்கிறேன். நான் ஒன்றைக்கூடப் பிரித்தறிந்ததில்லை.

சோதனை முடிந்ததும், தான் கணித்த ஒளியோடு ஒத்துப்போகிறவற்றைச் சலித்து வெளியே எடுப்பார். ஒரு முறை நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது. மீதி ஒன்றை ஒரு வாரம் தேடினார்.

புதன்கிழமை மதியம் அது கிடைத்தது. எங்கள் தலைவி டாக்டர் பரிவாஷ் (மரியாதைக்குப் பெண்ணை 'கானும்' என்றும் ஆணை 'ஆகா' என்றும் அழைப்போம்) பட்டியலிலேயே பிரகாசமான திரளைக் கண்டுபிடித்து, அதைப் பார்க்க வெளிநாட்டுத் தொலைநோக்கியில் ஆறு மணி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதியிருந்தார். நான்கு மணிக்குக் கெடு. திரளின் ஒளி அளவைப் பார்த்ததும், தேநீருக்காக ஹொர்மோஸ் வாயில் அடக்கியிருந்த சர்க்கரைக்கட்டி முழுசாகத் தொண்டையில் இறங்கியது. நோட்டில் இருந்த அதே இலக்கங்கள்; கலக்கும்போது தூசிக் கணக்கில் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்திருந்தார். பத்து மடங்கு ஒளிர்ந்ததால் சல்லடையில் சிக்காத பிள்ளை அதுதான். இல்லாத ஒன்றைக் காட்டச் சொல்லி விண்ணப்பம் போனால், அடுத்த வருடம் எங்களை யாரும் மதிக்கமாட்டார்கள்.

மேலதிகாரியிடம் நேராகத் தப்பு என்று சொல்வது எங்களுக்கு வராது. ஹொர்மோஸ் தேநீரோடு போனார்.

"கானும், இந்த கேலக்ஸில எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு."

"அடடா, உங்க பேரை விட்டுட்டேனா? இதோ போட்டுடறேன்."

ஹொர்மோஸ் வேண்டாம் என்றார். அதை வெறும் மரியாதை என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். எதையும் மூன்று தடவை மறுத்த பிறகே ஏற்கும் எங்கள் ஊர் முறைப்படி, இவர் மூன்று தடவை மறுக்க, அவர் மூன்று தடவை வற்புறுத்த, பெயர் ஏறிவிட்டது. மணி மூன்றே கால்.

"கானும், அது எனக்குப் பொறந்தது."

"உங்க உழைப்பு இல்லாம இங்க எது பொறந்திருக்கு ஹொர்மோஸ் ஆகா?"

வேறு வழியில்லாமல் நோட்டை விரித்தார். பிறகு புள்ளியை இடம் திருத்திக் கணக்கை மறுபடி ஓட்டினார். டாக்டரின் கண் முன்னாலேயே அந்தத் திரள் மங்கிப் பட்டியலின் அடியில் போய் ஒதுங்கியது.

பரிவாஷ் கானும் பட்டியலின் உச்சிக்குப் போனார். அடுத்த பிரகாசமான திரளைத் தொட்டுக் காட்டினார்.

"இது யாரோடது?"

ஹொர்மோஸ் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினார்.

"கடவுளோடது, கானும். எனக்கு சம்பந்தமில்ல."

டாக்டர் திரளின் எண்ணையும் நான்கு பத்திகளையும் மாற்றி எழுதி முடித்தபோது, கெடுவுக்கு ஆறு நிமிடம் இருந்தது. அப்போது ஹொர்மோஸ் தலையைக் குனிந்து, "என் பேரை எடுத்துடுங்க, எனக்கென்ன தகுதி இருக்கு" என்றார்.

"சரி," என்று டாக்டர் பெயரை எடுத்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினார்.

ஹொர்மோஸ் இன்னும் இரண்டு தடவை மறுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.