ஆசிரியர் குழுவில் என் போட்டோ

2009 ஜூலை 16, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மழை வரவில்லை, புழுக்கம் மட்டும் வந்தது. கரண்ட் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. போன் அடித்தது.

"சார், அன்வர் பேசறேன், காலேஜ் லைப்ரரிலேர்ந்து. நீங்க எப்ப சார் பாட்டனிக்கு மாறினீங்க?"

நான் முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அன்வர், நான் ஓய்வு பெற்ற கல்லூரியின் நூலகர். எனக்கும் தாவரவியலுக்கும் உள்ள சம்பந்தம் வீட்டுத் துளசிச் செடியோடு சரி. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

"ஒரு ஜர்னல் பாத்துக்கினு இருக்கேன் சார். எடிட்டோரியல் போர்டுல உங்க பேரு இருக்குது. போட்டோ கூட இருக்குது. கொஞ்சம் நேர்ல வந்துட்டுப் போறீங்களா?"

'நேரில் வாருங்கள்' என்று யார் சொன்னாலும் எனக்குப் பிடிக்காது. டாக்டர் சொன்னாலும் சரி, பேங்க் மேனேஜர் சொன்னாலும் சரி. நல்ல சேதியை யாராவது நேரில் கூப்பிட்டுச் சொல்வார்களா?

ஷேர் ஆட்டோவில் போகும்போதுதான் நினைவு வந்தது. நாலு மாதத்துக்கு முன் ஒரு ஈமெயில். தங்களைப் போன்ற பேரறிஞர் எங்கள் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் கௌரவ உறுப்பினராக இருக்க வேண்டும் — பெயரும் போட்டோவும் அனுப்புங்கள், போதும் என்று. பேரறிஞர்! அறுபத்தொன்பது வருடத்தில் என்னை அப்படி ஒருவரும் அழைத்ததில்லை. அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

உடனே சிரிக்காதீர்கள். நம் ஊரில் வருடத்துக்கு எத்தனை நோட்டீஸ் அடிக்கிறார்கள்... உற்சவம், அன்னதானம், கண் சிகிச்சை முகாம். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு நீள வரிசை — கௌரவத் தலைவர், கௌரவ ஆலோசகர். போன வருடம் ஏழு நோட்டீஸில் என் பெயர் வந்தது. நாலில் என்னைக் கேட்கவே இல்லை. நான் எந்த ஆலோசனையும் சொன்னதில்லை. சொல்வேன் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. பெயரைப் போடுவது அவர்கள் மரியாதை. பேசாமல் இருப்பது நம் மரியாதை. இந்த ஜர்னலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

நூலகத்தில் கரண்ட் வந்திருந்தது. அன்வர் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பாஸ்போர்ட் சைஸில் நான்!

விஷயம் இதுதான். ஜர்னல்களின் சந்தா வருடா வருடம் ஏறுகிறது. கல்லூரி ஒதுக்கும் தொகை ஏறவில்லை. அதனால், சந்தா இல்லாமல் யாரும் இணையத்தில் படிக்கக்கூடிய ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களைத் தேடிப் பிடித்து நூலகத்தின் இணையப் பக்கத்தில் சேர்க்கிறார் அன்வர். நூற்பட்டியலிலும் ஏற்றுகிறார். பையன்கள் தேடினால், அலமாரியில் இருக்கும் இதழும் வரும், இணையத்தில் இருக்கும் இதழும் வரும்.

"ஃப்ரீதானே? எல்லாத்தையும் சேர்த்துட்டா என்ன நஷ்டம்?" என்று கேட்டேன்.

"நமக்கு இல்ல சார். லைப்ரரி பேஜ்ல இருக்குதேன்னு நம்பி வர்றாங்க பாருங்க, அவங்களுக்கு."

அதனால் ஒவ்வொன்றையும் சோதிக்கிறார். நடத்துவது யார், முகவரி நிஜமா, பழைய இதழ்கள் இன்னும் திறக்கின்றனவா? கட்டுரையைப் போடுமுன் யார் படித்துப் பார்க்கிறார்கள், எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள்? எழுதுபவரிடம் கட்டணம் வாங்கினாலே மோசடி இல்லையாம். படிப்பவன் தராத செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும்? வாங்கிய காசுக்கு வேலை நடக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு கட்டுரைகளை அந்தந்தத் துறையில் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறார். கடைசியாக, ஆசிரியர் குழுவில் ஓரிருவரை விசாரிக்கிறார். இந்த முறை அந்த ஓரிருவரில் ஒருவன் நான்.

"சொல்லுங்க சார். இதுவரைக்கும் எத்தினி பேப்பர் படிச்சு ஓகே பண்ணீங்க?"

"பூஜ்யம்."

"கணக்கு வாத்தியார்ல... கரெக்டா சொல்றீங்க!"

நான் சிரித்தேன். அடுத்த மேஜையில் இருந்த பெண் சிரிக்கவில்லை.

சுமதி. அதே கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர், தொகுப்பூதியத்தில். ஐயம்பேட்டைப் பெண். திருப்புட்குழிக் குளத்திலும் இன்னும் சில கோயில் குளங்களிலும் வளரும் பாசிகளைப் பற்றி இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தவள். பஸ்ஸில் மடியில் தண்ணீர் பாட்டில்களோடு போய் வந்தவள்.

"இதுல உங்க பேரு இருந்துச்சு சார். நம்ம ஊர் சார் இருக்காரேன்னுதான் அனுப்பினேன்" என்றாள்.

அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அனுப்பிய நாலாவது நாளே ஏற்றுக்கொண்டார்களாம். எங்கள் நிபுணர் குழு கவனமாக ஆராய்ந்தது என்று கடிதம். அந்த நிபுணர் அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்! திங்கட்கிழமை கட்டுரை வெளியாகிவிடும். ஒரு ஜர்னலில் வந்ததை இன்னொன்று வாங்காது. இரண்டு வருட உழைப்பு இங்கே போய் முடிந்துவிடும். நிறுத்தலாம் — ஆனால் அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. வெளியான கட்டுரை ஒன்றாவது கையில் வேண்டும்.

"இருக்குதுன்னு காட்டிட்டுப் போயிடலாம்மா. இன்டர்வியூல எங்க படிச்சுப் பாக்கப் போறாங்க?" — சொன்னது நான்தான். பயத்தில் என்னவெல்லாம் வாயில் வருகிறது!

சுமதி, "வேணாம் சார்" என்றாள். "யாராவது படிச்சிட்டு தப்புன்னு சொல்லட்டும், திருத்திக்கிறேன். படிக்காமயே நல்லாருக்குதுன்னு சொன்னா பயமா இருக்குது."

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அங்கேயே மெயில் அனுப்பினாள். ஏற்றுக்கொள்ள நாலு நாள் எடுத்தவர்கள் இதற்கு நாற்பது நிமிடத்தில் பதில் போட்டார்கள். திரும்பப் பெறும் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். இல்லையேல் திங்கட்கிழமை வெளியாகும்.

"ஒரு பைசா குடுக்காதீங்க. பேப்பர் உங்களுது, கேக்கறதுக்கு அவனுங்க யாரு?" என்றார் அன்வர். நியாயம்தான். ஆனால் திங்கட்கிழமை நியாயம் பார்த்தா வரும்? வெள்ளிக்கிழமை பேங்க் திறக்குமுன் வாசலில் நின்றேன். சுமதி தானே கட்டுவதாகச் சொன்னாள். நம்பி அனுப்பியது என் பெயரை; அவள் கட்டுவதாவது? டிராஃப்ட் எடுத்து, அதை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பி, அசலை கூரியரில் போட்டேன்.

என் மனைவி சொன்னது: "ஊர்ல எல்லாரும் போட்டோவுக்கு போஸ் குடுத்து காசு வாங்கறா. நீங்க போட்டோவையும் குடுத்து காசையும் குடுத்துண்டு வரேளே!"

சனிக்கிழமை மாலை, கட்டுரையை விடுவித்ததாகக் கடிதம் வந்தது. அந்த ஜர்னலை அன்வர் சேர்க்கவில்லை. ஏற்கெனவே சோதித்துச் சேர்த்திருந்த இன்னொன்றைக் காட்டினார். ஓர் அறிவியல் சங்கம் நடத்துவது. படிக்கவும் இலவசம், எழுதவும் இலவசம். சுமதி அதற்கு அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து போன் செய்தாள். நிராகரித்துவிட்டார்களோ?

"நாலு பக்கம் திட்டியிருக்காங்க சார்! ரெண்டாவது படத்துல ஸ்கேல் தப்பா போட்டுட்டேனாம். மழைக்காலத்துல திரும்ப தண்ணி எடுக்கணுமாம். திருத்தி அனுப்பினா பாக்கறோம்னு சொல்லிக்கிறாங்க. சார், படிச்சிருக்காங்க சார்!"

இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியவளை நான் பார்த்ததில்லை.

போன வாரம் இன்டர்வியூ முடிந்தது. கட்டுரை இன்னும் திருத்தத்தில் இருக்கிறது என்றே சொல்லியிருக்கிறாள். முடிவு வரவில்லை. தினமும் தபால்காரரைப் பார்க்கும்போது, என் வீட்டுக்கு வராத அந்தக் கடிதத்துக்காக எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டும், பிரௌசிங் சென்டரில் இன்று காலை பார்த்தபோதும், ஆசிரியர் குழுவில் என் போட்டோ அப்படியேதான் இருக்கிறது. டிராஃப்ட் கமிஷன், கூரியர், ஷேர் ஆட்டோ, பிரௌசிங் எல்லாம் சேர்த்து இதுவரை எனக்கு ஆன செலவு: ரூ. 1,847.