மூடி இறுக்கிய ஜாடி

ஊறுகாய் ஜாடி ஒன்று. உள்ளே தண்ணீரில் ஒரு நீர்க்கொடி, நுனியில் இளஞ்சிவப்பாய்ச் சின்னப் பூ. தம்பானூரில் நடந்த விடுமுறைப் பயிற்சி வகுப்பில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது, இதைப் பற்றிப் பிள்ளைகளை எச்சரிக்கவா எங்களைக் கூப்பிட்டார்கள் என்று சிரிப்புதான் வந்தது. அத்தனை அழகு.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை, ஆரியசாலைக்காரர். தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களான நாங்கள் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். மீன்தொட்டி அலங்காரத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த செடி, வெளியே தப்பி ஓடைகளையும் குளங்களையும் அடைத்துக்கொண்டது என்றார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கொடியை நறுக்கி ஆளுக்கொரு துண்டு கையில் தருவார். தொட்டுப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் திரும்ப வாங்கி, எங்கள் கண்ணெதிரே கொதிநீரை ஊற்றுவார். அது குழைந்து கறுப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. இந்த அம்மாளுக்குக் கொஞ்சம் அதிகப்படிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசி நாள் ஒரு துண்டு திரும்பி வரவில்லை. டீச்சர் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். பிள்ளைகளிடம் நாங்கள் செய்வதை எங்களிடமே செய்தால் பொறுப்போமா? பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"ஒரு கணு போதும், கேட்டியளா. ஒரு குளத்தையே மூடிரும். எடுத்தவங்க சொல்லிருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

யாரும் பையைத் திறக்கவில்லை. யாரோ புகார் எழுத, அதன்பின் டீச்சரைப் பயிற்சிக்கு அழைப்பது நின்றுபோயிற்று. எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. அன்று அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இந்த மழைக்காலத்தில் எங்கள் பள்ளிக்குப் பின்னாலுள்ள குளம் முழுக்க இளஞ்சிவப்பு. கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து படம் எடுக்கிறார்கள். அடியில் மீன் அழுகும் நாற்றம் படத்தில் வராது. நாளை இதைப் பற்றித்தான் பாடம் என்று ஒரு நாள் என் வகுப்பில் சொன்னேன். மறுநாள் காலையில் மாணவி ஒருத்தி ஜாடியும் பூவுமாக வந்து நின்றாள்.

"இன்னிக்கு இதானே பாடம், டீச்சரே? எல்லாருக்கும் நேத்தே ஒவ்வொரு துண்டு குடுத்தாச்சு, வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. சிலரு வீட்டுக் கிணத்துல போட்டுட்டாங்க."

ஜாடியை வாங்கி மூடியை இறுக்கினேன். சமையற்கூடத்தில் கொதிநீர் கேட்டு ஆள் அனுப்பினேன். பிறகு என்ன தோன்றியதோ, நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு உட்கார்ந்து, பைகளைத் திறக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவர்கூடத் தயங்கவில்லை. எல்லாப் பைகளிலும் புத்தகங்கள்தான் இருந்தன.