பழவேற்காட்டில் அமெரிக்கச் சண்டையைத் தேடினேன்

வீடு வீடாக ஏறி விசாரிக்கிற வேலையில் கேள்வி கேட்பது சுலபம், கதவு முன்னால் போய் நிற்பதுதான் கஷ்டம். கணக்கெடுப்புக்கும் சொட்டு மருந்துக்கும் அலைந்த அக்காமாரே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் படித்தது அஞ்சாவது. ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பேன். பிடித்ததைப் போடுகிற பறியைப் பல்லால் கடித்துக்கொள்வதால் யாரிடமும் பேச வேண்டாம். கூச்சக்காரிக்கு அதைவிட நல்ல வேலை ஏது? ஆனால் பொண்ணு பிறந்த பிறகு, மூணு மாசக் குழந்தையைக் கரையில் போட்டுவிட்டு இறங்க மனசு வரவில்லை.

அப்போதுதான் மெட்ராஸ் காலேஜிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அமெரிக்காக்காரர்கள் இங்கிலீஷ்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட காலத்தில் பழவேற்காடு டச்சுக்காரர்கள் கையில் இருந்ததாம். அவர்கள் அமெரிக்கா பக்கம் சாய்ந்தார்கள் என்று இங்கிலீஷ்காரன் வந்து நம் கோட்டையைப் பிடித்தானாம். அந்தச் சண்டையில் நம் ஊரின் பங்கு என்ன என்று எழுதப்போகிறார். வீடுகளில் விசாரிக்க உள்ளூர்ப் பெண் வேண்டும், குழந்தையோடு வரலாம். "பத்து நாள் பார்ப்போம். கூச்சப்படாம பேசுவியா?" என்றார். தலையாட்டினேன். அது பொய்.

முதல் கதவு

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு அக்கா வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் தெருமுனையில் நின்றுகொண்டு என்னை அனுப்பினார். அக்கா எதிரில் வெகுநேரம் சும்மா நின்றேன். அவர் நிமிர்ந்து, "இன்னாம்மே வோணும்?" என்றதும், மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன்: "அமெரிக்கச் சண்டை பத்தி உங்க வூட்ல யாருக்காவது தெரியுமா?"

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "எங்க வூட்டு சண்டையே இன்னும் தீரல, அமெரிக்கா சண்டைய நான் எங்க பாக்கறது? கொயந்தைய வெயில்ல வச்சினு நிக்காத, உள்ள வா."

கருவாட்டுப் பாரம்

நாலு நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை. டீச்சர் முகம் வாடியது; வேறு பெண்ணைத் தேடுவாரோ என்று எனக்குக் கவலை. அஞ்சாம் நாள் பாப்பா பசியில் அழ, பால் கொடுக்க, கருவாடு போடுகிற அஞ்சலை அக்கா வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தேன். எதிரே உப்பு போட்ட மீன் தொட்டி. மீன் அமுங்க மேலே பாரம் வைத்திருந்தார்கள், பிளாஸ்டிக் பை சுற்றிய ஒரு உருண்டை. பை கிழிந்த இடத்தில் துரு தெரிந்தது.

டீச்சரைக் கூப்பிட்டேன். பார்த்ததும், "பீரங்கிக் குண்டு!" என்று குதித்துவிட்டார். கவர்ன்மெண்டு எடுத்துப் போய்விடும் என்று பயந்து, அஞ்சலை அக்கா குண்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். "எடுத்துனு போய்ட்டா மீனு மேல நீயா வந்து குந்துவ?"

துவைக்கிற கல்

போட்டோ மட்டும் எடுத்தோம். குண்டு எந்தச் சண்டையுடையது என்று சொல்ல முடியாதாம்.

பத்தாம் நாள், கோட்டைக்குப் பின்னால் ஒரு வீட்டில், செல்வி அக்கா துணி துவைக்கிற கல்லில் ஏதோ கோடுகள் தெரிந்தன. டீச்சர் தண்ணீர் ஊற்றினார், மாவு தேய்த்தார், எழுத்து பிடிபடவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, சேற்றில் இறாலைத் தேடுகிற மாதிரி தடவினேன். விரலுக்கு ஒரு வளைவு கிடைத்தது, அப்புறம் ஒரு கோடு. தட்டுப்பட்டதை அப்படியே மணலில் வரைந்தேன். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது.

டீச்சர் மணலில் இருந்த டச்சு எழுத்தைப் படித்துச் சொன்னார். அது ஒரு கல்லறைக் கல். கல்லில் இருந்தது சண்டை இந்த ஊருக்கு வந்த வருஷம்தானாம். கல் வைத்தது சிப்பாய்க்கு இல்லை, ரெண்டு மாசப் பெண் குழந்தைக்கு. எதனால் செத்தது என்று கல்லில் இல்லை. நான் பாப்பாவை இறுக்கிக்கொண்டேன். செல்வி அக்கா ஈரத் துணியை எல்லாம் கல்லிலிருந்து எடுத்தார். "யாராவது சொல்லியிருந்தா மெதுவா தொவைச்சிருப்பேனே."

கடைசிக் கேள்வி

அன்று சாயங்காலம் படகுத்துறையில் டீச்சரிடம், யாரும் சொல்லித்தராத கேள்வி ஒன்றை நானாகக் கேட்டேன்: "நாளைலருந்து நான் வர வேணாமா டீச்சர்?"

அவர் பாப்பாவின் தலைத்துண்டைச் சரிசெய்தார். "நீ பேசவே வேணாம்மா. உன் விரலும் பாப்பாவும் வந்தா போதும்."

அந்தச் சண்டையில் பழவேற்காட்டின் பங்கு என்ன என்று டீச்சர் இன்னும் எழுதி முடிக்கவில்லை. எனக்குக் கிடைத்த பங்கு இதுதான்: எங்கோ அமெரிக்காவில் போட்ட சண்டையால் என் பொண்ணு கரையில் தனியாகக் கிடக்காமல் என் இடுப்பிலேயே வளர்ந்தாள்.