முசுறு இல்லாத மரங்கள்

அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருபது முந்திரி மரங்கள் இருந்தன. உலக யுத்தம் நடந்த அந்தச் சண்டைக்காலத்தில் எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அவற்றால்தான்.

பழம் பறிக்க ஏறினால், இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்புகள் கடித்துத் தீர்த்துவிடும். ஒருநாள் என் மனைவி வள்ளியின் இமையில் கடித்து, கண்ணே திறக்க முடியாமல் வீங்கிவிட்டது. நான் ஓலைப் பந்தத்தைக் கொளுத்தினேன்.

"வேணாங்க. அதுகளும் அந்த மரத்துல பொழைச்சிட்டுப் போகட்டும்" என்று வள்ளி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, ஒரு கூடு விடாமல் பொசுக்கினேன்.

அவள் கண் வீக்கம் இரண்டே நாளில் வடிந்துவிட்டது.

அடுத்த தை மாதம் மரமெல்லாம் பூத்தது. மாசியில் அத்தனையும் கருகியது. கொப்பை வளைத்துப் பார்த்தேன். கொசு போன்ற பூச்சிகள் குருத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. தளிரில் கசியும் இனிப்பைக் குடித்துக்கொண்டு, அதே தளிருக்குக் காவல் இருந்தவற்றைத்தான் நான் எரித்திருக்கிறேன்.

பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு கூட்டைப் பானையில் கொண்டுவந்து கிளையில் கட்டினேன். கருகிய தளிரில் குடிக்க இனிப்பு இல்லை; மறுநாளே எறும்புகள் வரிசையாக இறங்கிப் போயின.

"இனி இங்கிட்டு வராதுங்க" என்றாள் வள்ளி.

அதன்பின் எத்தனையோ முறை ஏறிவிட்டேன். எதுவும் கடிப்பதில்லை. பறிக்கவும் எதுவும் இல்லை.