என் காரின் முன்னிருக்கை

திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்கும் சம்பூருக்கும் படிப்பிக்கப் போகிற ஆசிரியர்கள் தனித்தனியே பயணம் செய்வதில்லை. கார் உள்ள ஒருவர் ஓட்டுவார். மற்றவர்கள் எரிபொருளுக்குப் பங்கு கொடுத்து ஏறிக்கொள்வார்கள். எவர் எந்த இருக்கையில் அமர்வது என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும். அதன்பின் இடமாற்றக் கடிதம் வரும்வரை அந்த ஒழுங்கை எவரும் குலைப்பதில்லை. பிறருடைய இருக்கையில் அமர்வது பிறருடைய கோப்பையில் தேநீர் குடிப்பதற்கு ஒப்பான செயல்.

மூதூருக்குப் போகும் என் காரில் அந்த ஒழுங்கு ஒன்பது ஆண்டுகள் நின்றது. ஓட்டுவது நான். முன்னிருக்கையில் கணித ஆசிரியை. வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் அந்த இடம் அவருக்கென்றே ஆயிற்று. அவர் உப்புவெளியிலிருந்து பேருந்தில் வந்து நகரில் இறங்குவார். நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே காத்து நிற்பேன். பின்னால் விஞ்ஞான ஆசிரியர். கிண்ணியாப் பாலத்தைக் கடந்ததும் வரலாறு படிப்பிப்பவர் ஏறி அவருக்குப் பக்கத்தில் அமர்வார்.

கார் வெள்ளை நிற ஜப்பான் கார். என் கைக்கு வரும்போதே அது தன் இளமையை வேறெவருக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தது. குளிரூட்டி நின்றுபோய் நெடுங்காலம். யன்னல்களைக் கைப்பிடியால் சுற்றித் திறக்கவேண்டும். இடப்பக்கப் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. வரலாற்று ஆசிரியர் இறங்குவதற்கு எவராவது வெளியே போய்க் கதவைத் திறந்துவிடவேண்டும். இவற்றையெல்லாம் நாங்கள் குறைகளாக எண்ணியதில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பகல் முழுவதும் வரிசையில் கிடந்து, மறுநாள் மூவரையும் பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கார்தான். அந்தச் செயலுக்கு நான் நன்றி எதிர்பார்க்கவில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

நாட்டில் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டபின், விஞ்ஞான ஆசிரியர் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். சீனத்தில் செய்தது, மழைமேகத்தின் சாம்பல் நிறம். முதல் நாள் அதைப் பாடசாலை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது, இடைவேளைக்குக் காத்திராமலே பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். என் கார் வேம்பின் கீழ், கூரையில் காக்கை எச்சத்தோடு நின்றது. ஒன்பது ஆண்டுகளாக அது அங்கேதான் நிற்கிறது. ஒரு பிள்ளையேனும் அதைச் சுற்றி வந்ததில்லை.

“ரீச்சர், ஒருக்கா ஏறி இருந்து பாருங்கோவன்” என்றார் அவர்.

“பிறகு பாப்பம் சேர். எனக்கு வகுப்பு இருக்கு.”

எனக்கு அந்த நேரம் வகுப்பு இல்லை. அது அவருக்கும் தெரியும். நேரசூசி போடுபவரே அவர்தான்.

முதலில் என்னைவிட்டுப் போனவர் வரலாற்று ஆசிரியர். மறைக்காமல், என் காரில் இருந்துகொண்டே சொன்னார்.

“ரீச்சர், கோவிக்கப்படாது. இந்த முழங்கால் ரெண்டும் உங்கட பின்சீற்றிலயே நிண்டுபோகுது. அங்க காலை நீட்டலாம்.”

“கோவம் ஒண்டுமில்லை சேர்.”

“அப்ப ஏன் கியரை இந்த இழுவை இழுக்கிறீங்க?”

கணித ஆசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் என்னுடன் இருக்கும்வரை எவர் போனால் என்ன என்று நினைத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவரும் சொன்னார்.

“திங்களிலயிருந்து நான் சயன்ஸ் சேரோட வாறன் ரீச்சர். அவரும் உப்புவெளிதானே, வீட்டு வாசலிலயே ஏத்திறாராம். உங்களுக்கும் பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிக்கிற கரைச்சல் இல்லை.”

அந்தக் கரைச்சல்தான் எனக்கு வேண்டியிருந்தது. பேருந்துகளின் பெயர்ப்பலகையைப் பார்த்து நின்று, அவர் இறங்கி வீதியைக் கடந்து வருவதைக் காண்பது நாளின் முதல் நன்மை. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், வீட்டாருடன்கூட நான் எவருக்கும் பக்கத்தில் அப்படி அமர்ந்திருந்ததில்லை. இதை எந்த வாக்கியத்தில் வைத்துச் சொல்வது? “நல்லது” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த திங்கள் முதல் நான் தனியே ஓட்டினேன். ஒரே வீதி, ஒரே நேரம். ஆகவே பெரும்பாலும் அவர்களுக்குப் பின்னாலேயே போகவேண்டியிருந்தது. பாலத்தின்மேல் காற்று என் காரின் திறந்த யன்னல்கள் வழியே புகுந்து புத்தகங்களைப் புரட்டும். முன்னே அந்தச் சாம்பல் நிறக் கார், புகையின்றி, கண்ணாடிகள் பூட்டியபடி, தண்ணீரில் விட்டதுபோல் வழுக்கிச் செல்லும். அதன் பின்கண்ணாடியினூடே கணித ஆசிரியையின் தலை ஓட்டுநர் பக்கம் திரும்புவதைப் பார்ப்பேன். என்ன சொல்கிறார்? எதற்குச் சிரிக்கிறார்? அவருடைய தலையில் வைத்த பூக்கூட இப்போது பாடசாலைக்கு வரும்வரை கலையாமல் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் அந்தப் பூவைக் கலைத்தவள் நான் என்பது புதிதாகத் தெரிந்தது.

பொறாமை எனக்கு அறிமுகமில்லாத சொல்லன்று. அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் புள்ளியும் இட்டிருக்கிறேன். ஆனால் அது ஒருவரை இவ்வளவு படிக்க வைக்கும் என்று அறிந்திருக்கவில்லை. மின்சாரக் கார்களின் குறைகள் எங்கே எழுதப்பட்டிருந்தாலும் தேடி வாசித்தேன். மூதூரில் ஒரு நாள் மின்வெட்டு வந்தபோது, ஆசிரியர் அறையில் அவரிடம் பரிவோடு கேட்டேன்.

“கரண்ட் நிண்டால் உங்கட பாடு என்ன சேர்?”

“வீட்டுக் கூரையில சூரியத்தகடு பூட்டிக் கிடக்குது ரீச்சர். அதோட, இஞ்ச வந்து திரும்பினாலும் பாதிக்கு மேல மிச்சம் கிடக்கும்.”

அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாரி தொடங்கிய வாரத்தில், ஆசிரியர் அறையில் நானும் கணித ஆசிரியையும் தனித்திருந்தோம். கூரையில் தூறல் விழத் தொடங்கியது. அவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, “ரோட்டில தண்ணி நிக்கப்போகுது” என்றார். அப்போதுதான் நான் சொன்னேன்.

“நீங்கள் கவனம் ரீச்சர். அந்தக் காரில பற்றரி முழுக்க உங்கட காலுக்குக் கீழதான் கிடக்குது.”

“அதுக்கென்ன?”

“தண்ணிக்குள்ள இறங்கினால் உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கரண்ட் அடிக்குமாம்.”

மின்கலம் தரைக்குக் கீழே இருப்பது மெய். மற்றது பொய் என்பது எனக்குத் தெரியும். அப்படி நேராதவாறு அதை எவ்வாறு மூடிப் பாதுகாத்திருக்கிறார்கள் என்று முந்தின நாள்தான் வாசித்திருந்தேன். ஒரு மெய்யைக் கைபிடித்துக்கொண்டு அந்தப் பொய் எவ்வளவு நேர்த்தியாக நடந்தது! அவர் முகம் வெளிறியது. ஆயினும் நான் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை.

“அப்ப மழை நாளில உங்களோட வாறன். வெயில் எண்டால் அவரோட போறன். அவருக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ, மனம் நோகும்.”

அன்றுமுதல் நான் மழையை வேண்டுகிறவளானேன். காலையில் எழுந்ததும் துறைமுகத்துக்கு மேலே வானத்தைப் பார்ப்பேன். கருத்திருந்தால் முன்னிருக்கையைத் துடைத்துவைப்பேன். என் காரின் யன்னல் இடுக்கால் தண்ணீர் அவருடைய சேலையில் சொட்டும். அவர் கைக்குட்டையை வைத்து அடைத்துக்கொள்வார். அந்த நான்கைந்து மழை நாள்களில் நான் வெட்கமின்றி மகிழ்ச்சியாக இருந்தேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. காலையில் நல்ல வெயில்; அவர் மின்சாரக் காரில் போனார். இரண்டாம் பாடத்தில் தொடங்கிய மழை பாடசாலை விட்ட பிறகும் ஓயாமல் கொட்டியது. காலையில் வந்த காரை மாற்றினால் அவர் மனம் நோகும் என்று கணித ஆசிரியை நினைத்திருக்கவேண்டும்; அவர்கள் மூவரும் முந்திப் புறப்பட்டுவிட்டார்கள். நான் வகுப்பறைப் புத்தகங்களை நனையாத மூலைக்கு மாற்றிவிட்டு, சற்றுப் பிந்திப் புறப்பட்டேன். மூதூரைத் தாண்டியதும் ஓரிடத்தில் வயல்வெள்ளம் வீதிக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆழமில்லை, முழங்காலுக்குக் கீழேதான். சாம்பல் நிறக் கார் அதைக் கடந்து அக்கரையில் நின்றது. வெள்ளத்தின் நடுவே, விடைத்தாள் கட்டைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தபடி, மறுகையால் சேலையைத் தூக்கிக்கொண்டு, மழைக்குள் தனியே நடந்துகொண்டிருந்தார் கணித ஆசிரியை.

அவர் ஏன் நடக்கிறார் என்பதை அந்த இடத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான்.

அவரை ஏற்றிவிடவேண்டும் என்ற அவசரத்தில் காரைத் தண்ணீருக்குள் விட்டேன். அவரை அணுகும் நேரத்தில் எதிரே ஒரு பேருந்து வேகத்தைக் குறைக்காமல் வந்தது. அது தள்ளிய அலை என் காரின் முகப்பில் ஏறி விழுந்தது. இயந்திரம் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. அலையில் கணித ஆசிரியையின் ஒரு செருப்பும் போயிற்று.

அக்கரையிலிருந்து மற்ற இருவரும் நீரில் இறங்கி வந்தார்கள். நானும் இறங்கினேன். கணித ஆசிரியை விடைத்தாள்களை என் காரின் இருக்கையில் வைத்துவிட்டு, எவரும் சொல்லாமலே பின்பக்கம் போய்க் கைகொடுத்தார்.

“இதில கரண்ட் இல்லைத்தானே, பயமில்லாமல் தள்ளலாம்.”

“எந்தக் கரண்ட்?” என்றார் விஞ்ஞான ஆசிரியர். “அதுக்கோ இறங்கி நடந்தனீங்கள்? நான் கெஞ்சக் கெஞ்சக் கேக்காமல்? உங்களுக்கு ஆர் சொன்னது?”

கணித ஆசிரியை என்னைப் பார்த்தார். விஞ்ஞான ஆசிரியரும் என்னைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். எனக்கு உடனே ஒரு வழி திறந்துவிட்டார்.

“ஃபோனில கண்டதெல்லாம் அனுப்புறாங்கள். ரீச்சரும் அதில எதையாவது பாத்திருப்பா.”

“ஓம்” என்று சொன்னால் போதும். தண்ணீர் கால்களுக்கிடையே இழுத்தது. எதிரே என் தோழி ஒற்றைச் செருப்போடு, முகத்தில் மழை வழிய, என்னை நம்பிக்கொண்டு நின்றார்.

“இல்லை சேர். ஒருத்தரும் அனுப்பேல்லை. நானாச் சொன்னது. எரிச்சலில சொன்னது.”

வரலாற்று ஆசிரியர் என் காரின் முகப்பில் தட்டினார்.

“நானும் பாத்தன், இந்தக் கார் ஏன் அடிக்கடி சூடாகுதெண்டு. றேடியேற்றரில பிழையில்ல, சாரதியிலதான்.”

எவரும் அதிகம் சிரிக்கவில்லை. கணித ஆசிரியை என்னை ஏசுவார் என்று காத்து நின்றேன். ஏசியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதன் வழியாக முன்னிருக்கையையும் கேட்டிருக்கலாம். அவர் நெற்றியிலிருந்த நீரை வழித்தெறிந்துவிட்டு, ஆறுதலோடு மூச்சுவிட்டார்.

“அப்ப மழையிலயும் பயமில்லாமல் போகலாம், என்ன? நல்ல காலம் சொன்னீங்கள் ரீச்சர்.”

அவ்வளவுதான். காரைத் தள்ளிக் கரையேற்றினோம். மாலையில் அது வேறொரு வாகனத்தில் ஏற்றப்பட்டு நகரத்தில் கார் திருத்தும் கராச்சுக்குப் போயிற்று.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கணித ஆசிரியை நின்றார். அவருக்குப் பின்னால் அந்தக் கார். அது வந்த ஓசைகூட எனக்குக் கேட்டிருக்கவில்லை.

“கெதியா வாங்கோ. நேரம் போகுது. நீங்கள் முன்னுக்கு இருக்கிறீங்களோ?”

“வேண்டாம். உங்களுக்குத் தலை சுத்தும்.”

“இதில சுத்துறேல்லை” என்றார். என்றாலும் முன்னிருக்கையிலேயே ஏறி அமர்ந்துகொண்டார்.

நான் பின்னால் அமர்ந்தேன். குளிர்ந்த காற்று, கால் நீட்ட இடம். வீதியின் குழிகள் எங்கோ அடியில் மெல்லக் கரைந்தன. குறை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நகரத்தின் கடைசி வீடுகள் கழிந்தபின், காருக்குள் ஏதோ சன்னமாக ஒலித்தது. வானொலி என்று நினைத்தேன். பிறகுதான், கணித ஆசிரியை யன்னலைப் பார்த்தபடி, உதடு திறவாமல் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பதைக் கண்டேன். மென்மையும் ஒழுங்கும் உள்ள குரல். இப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதை நான் அறியேன்.

விஞ்ஞான ஆசிரியர் கண்ணாடியில் என் முகத்தைக் கண்டிருக்கவேண்டும்.

“ரீச்சர் ஒவ்வொரு நாளும் பாடுறவ. உங்கட காரில பாடுறேல்லையோ?”

அதற்குக் கணித ஆசிரியையே திரும்பிப் பதில் சொன்னார்.

“அதிலயும் பாடினனான். ரீச்சருக்குக் கேக்கிறேல்லை.”

“ஒன்பது வருசமாவோ?” என்றேன்.

“ஓம்.”

ஒன்பது ஆண்டுகள் என் தோளுக்குப் பக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை, அந்த மனிதர் சில வாரங்களில் கேட்டுப் பழகியிருந்தார். பாலத்தைக் கடந்து வரலாற்று ஆசிரியர் ஏறும்வரை நான் முன்னே சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் கராச்சுக்குத் தொலைபேசி எடுத்தேன். இயந்திரம் பிழைத்துவிட்டது என்றும் சனிக்கிழமை வந்து காரை எடுக்கலாம் என்றும் திருத்துநர் சொன்னார்.

“அண்ணை, அதின்ர சத்தத்தைக் குறைக்க ஏலுமோ?”

“சைலன்சர் மாத்தினால் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையவேணும்?”

“முன்சீற்றில இருக்கிற ஆள் மெல்லப் பாடினால் எனக்குக் கேக்கவேணும்.”



“அப்பிடியெண்டால் ரீச்சர், காரைத்தான் மாத்தவேணும்.”